விசுவாசம்: ஒன்வேல போற ஒரு வார்த்தை

 இன்னைக்கு எபிசோட்ல கெஸ்ட் யாரும் கிடையாது, நான் மட்டும்தான். பேசப் போறதும் ஒரே ஒரு வார்த்தையைப் பத்தித்தான். விசுவாசம்.

ஒரு விளம்பரத்துல இருந்து ஆரம்பிக்கலாம். கல்யாண் ஜுவல்லர்ஸ் விளம்பரம் பார்க்காதவங்க யாரும் இருக்க மாட்டீங்க. பிரபு சார் வந்து "நம்பிக்கை, அதானே எல்லாம்"னு முடிப்பார். அது திருச்சூர்ல ஆரம்பிச்ச கம்பெனி. அதே வரி மலையாளத்துல எப்படி வரும் தெரியுமா? "விஸ்வாசம், அதல்லே எல்லாம்." மத்ததெல்லாம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கு. விஸ்வாசம் மட்டும் வாளையார் செக்போஸ்ட் தாண்டும்போது நம்பிக்கையா மாறிடுது.

ஏன் மாத்தணும்? தமிழ்லயும் விசுவாசம்னு ஒரு வார்த்தை இருக்கே. அப்படியே விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு நகைக்கடை வந்து "விசுவாசம், அதானே எல்லாம்"னு சொன்னா, நம்ம காதுல "நீங்க எங்களுக்கு விசுவாசமா இருக்கணும்"னுதான் விழும். கஸ்டமரை மிரட்டுற மாதிரி ஆகிடும். விளம்பரம் எழுதினவங்களுக்கு இது நல்லாவே தெரிஞ்சிருக்கு.

இன்னொரு உதாரணம். பார்லிமென்ட்ல அரசாங்கத்துக்கு எதிரா ஒரு தீர்மானம் கொண்டு வருவாங்க. இந்தியில அது "அவிஷ்வாஸ் பிரஸ்தாவ்". கன்னடத்துல "அவிஸ்வாச நிர்ணய". தெலுங்குல "அவிஸ்வாச தீர்மானம்". மலையாளத்துல "அவிஸ்வாச பிரமேயம்". சுத்தி இருக்கிற எல்லாரும் விஸ்வாசத்தையே வெச்சுருக்காங்க. நாம மட்டும் "நம்பிக்கையில்லாத் தீர்மானம்"னு சொல்றோம். 2017 பிப்ரவரி 18-ம் தேதி நம்ம சட்டமன்றத்துல எடப்பாடி பழனிசாமி 122-க்கு 11-னு ஜெயிச்சாரே, அதுக்குப் பேரும் நம்பிக்கை வாக்கெடுப்புதான். ஆனா அந்த வாரம் முழுக்க நியூஸ் சேனல்ல வேற ஒரு வார்த்தையும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. யார் யாரோட விசுவாசின்னு. சபைக்குள்ள எண்ணினது நம்பிக்கை. சபைக்கு வெளிய எண்ணினது விசுவாசம். தமிழ் பேசுற யாருக்கும் இந்த ரெண்டு வார்த்தையும் குழம்பவே இல்ல.

சரி, இந்த வார்த்தை எங்க இருந்து வந்துச்சு? வடமொழி. அதுல "ஷ்வஸ்"னு ஒரு வேர்ச்சொல் இருக்கு. மூச்சு விடுறதுன்னு அர்த்தம். நாம சொல்ற சுவாசம் அதுல இருந்து வந்ததுதான். முன்னாடி "வி" சேர்ந்தா, தடையில்லாம மூச்சு விடுறது, பயமில்லாம இருக்கிறது, அதனால நம்புறதுன்னு அர்த்தம் விரிஞ்சு போகுது. ஒருத்தர் பக்கத்துல நிம்மதியா மூச்சு விட முடிஞ்சா, அவர் மேல நமக்கு இருக்கிறது விஸ்வாசம். இவ்வளவு அழகான ஒரு இடத்துலதான் இந்த வார்த்தை பொறந்திருக்கு.

இப்ப அந்த மூல அர்த்தத்துல கவனிங்க. விஸ்வாசம் யார்கிட்ட இருக்கு? நம்புற ஆள்கிட்ட. நான் உங்களை நம்புறேன், அதனால விஸ்வாசம் என்னோடது. தமிழுக்கு வந்ததும் இது இடம் மாறிடுச்சு. நம்புற ஆள்கிட்ட இருந்து இறங்கி, நம்பப்படுற ஆள் தலையில ஏறி உட்கார்ந்துடுச்சு. நான் உங்களை வேலைக்கு வெச்சிருக்கேன், அதனால நீங்க எனக்கு விசுவாசமா இருக்கணும். உணர்வு யாரோடதோ, பொறுப்பு இன்னொருத்தரோடது. தெலுங்குலயும் இந்த அர்த்தம் உண்டு, நாயோட விஸ்வாசத்தைப் பத்தி அவங்களும் பேசுவாங்க. ஆனா அங்க நம்பிக்கைங்கிற பழைய அர்த்தமும் கூடவே இருக்கு. நம்ம அன்றாடப் பேச்சுல அந்தப் பழைய அர்த்தம் கிட்டத்தட்ட போயே போச்சு. சர்ச்சுல மட்டும் இன்னும் உயிரோட இருக்கு. அதுக்குக் கடைசியில வரேன்.

திருப்பிப் போட்டுப் பாருங்க

நான் வேலையில கிராஃப் டேட்டாவோட மல்லுக்கட்டுற ஆள். ரெண்டு புள்ளி, நடுவுல ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு அம்புக்குறி இருக்கா இல்லையாங்கிறதுதான் அங்க முதல் கேள்வி. ரெண்டு பக்கமும் போகலாமா, இல்ல ஒன்வேயா? வார்த்தைகளுக்கும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். டெஸ்ட் ரொம்ப சிம்பிள். வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்க.

"டிரைவர் முதலாளிக்கு விசுவாசமா இருந்தார்." சாதாரண வாக்கியம். திருப்புங்க. "முதலாளி டிரைவருக்கு விசுவாசமா இருந்தார்." காதுல இடிக்குது இல்ல? "தொண்டர் தலைவருக்கு விசுவாசமா இருந்தார்." சரி. "தலைவர் தொண்டருக்கு விசுவாசமா இருந்தார்." மீம் போட்டுடுவாங்க. "நாய் வீட்டுக்காரருக்கு விசுவாசமா இருக்கு." சரி. "வீட்டுக்காரர் நாய்க்கு விசுவாசமா இருக்கார்." கிண்டல்.

இலக்கணத்துல தப்பு எதுவும் இல்ல. ஆனா ஒரு பக்கம்தான் ஓடுது. கீழ இருந்து மேல. சம்பளம் வாங்குறவர்கிட்ட இருந்து கொடுக்குறவருக்கு, சோறு சாப்பிடுறவர்கிட்ட இருந்து போடுறவருக்கு.

இப்ப வேற வார்த்தைகளை டெஸ்ட் பண்ணுங்க. "முதலாளி டிரைவர் மேல நம்பிக்கை வெச்சிருந்தார்." பாஸ். "முதலாளி டிரைவர்கிட்ட நேர்மையா நடந்துகிட்டார்." பாஸ். "முதலாளி டிரைவருக்கு நன்றியோட இருந்தார்." அடிக்கடி கேள்விப்படாத விஷயம்தான், ஆனா தமிழ் அதை அனுமதிக்குது. இந்த வார்த்தைகளுக்கெல்லாம் ரெண்டு பக்கமும் ரோடு இருக்கு.

சட்டம் போட்டு விசுவாசம்

இது சும்மா வார்த்தை விளையாட்டுன்னு நினைக்காதீங்க. இந்த ஒன்வேயால ஜெயிலுக்குப் போனவங்க இருக்காங்க.

பிரிட்டிஷ்காரங்க காலத்துல ராஜ விசுவாசம்னு ஒண்ணு கேட்டாங்க. அதுக்கு எதிர்ப்பதம் ராஜ துரோகம். 1870-ல இந்திய தண்டனைச் சட்டத்துல 124-ஏ பிரிவைச் சேர்த்தாங்க. அரசாங்கத்து மேல பிரியமின்மையைத் தூண்டினா குற்றம். பிரியமின்மைன்னா என்னன்னு அதுக்கு ஒரு விளக்கம் வேற கொடுத்தாங்க. விசுவாசம் இல்லாம இருக்கிறதும் அதுல அடக்கம்னு. குண்டு போட்டாத்தான் குற்றம்னு இல்ல, மனசுல பிரியம் குறையுற மாதிரி பேசினாலே போதும்.

1908-ல இந்தச் சட்டத்துலதான் வ.உ.சிதம்பரம் பிள்ளைக்குத் திருநெல்வேலியில ரெண்டு ஆயுள் தண்டனை விதிச்சாங்க. அப்பீல்ல பின்னாடி குறைஞ்சது. தூத்துக்குடியில இருந்து பிரிட்டிஷ் கம்பெனிக்குப் போட்டியா கப்பல் விட்டவர், கோயம்புத்தூர் ஜெயில்ல செக்கு இழுத்தார். 1922-ல அதே பிரிவுல காந்தியை அகமதாபாத் கோர்ட்டுல நிறுத்தினாங்க. பிரியத்தைச் சட்டம் போட்டு உண்டாக்க முடியாதுன்னு அவர் நீதிபதி முன்னாடியே சொன்னார். ஆறு வருஷம் தண்டனை கொடுத்தாங்க.

இதுல ஒரு விஷயம் கவனிங்க. ராஜா தன்னோட ஜனங்களுக்குத் துரோகம் பண்ணினா அதுக்கு ஒரு சட்டப்பிரிவு இருந்துச்சா? கிடையாது. ராஜ துரோகம்னா ராஜாவுக்குப் பண்ற துரோகம் மட்டும்தான். வார்த்தையிலேயே அம்புக்குறி இருந்துச்சு.

சுதந்திரம் வந்து அரசமைப்புச் சட்டம் எழுதினப்ப இந்த அம்புக்குறியை வேற பக்கம் திருப்பினாங்க. நம்ம எம்.எல்.ஏ., மந்திரி எல்லாரும் பதவியேற்கும்போது உறுதிமொழி எடுக்குறாங்க இல்ல, அது எந்த மனுஷனுக்கும் இல்ல. அரசமைப்புச் சட்டத்துக்கு. தமிழ்ல அங்க வர்ற வார்த்தைகள் நம்பிக்கை, பற்று. முதலமைச்சரும் அதே சட்டத்துக்குத்தான் உறுதி கொடுக்குறார், ஒரு வார்டு கவுன்சிலரும் அதே சட்டத்துக்குத்தான். பேப்பர்ல இப்படி இருக்கு. கட்சி மேடையில இன்னும் விசுவாசிதான் ஓடுது, அது தனிக் கதை.

சோறும் உப்பும்

இந்தக் கீழ இருந்து மேல போற உணர்வு வடமொழியோட வந்ததுன்னு மட்டும் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. நம்மகிட்டயே செஞ்சோற்றுக் கடன்னு ஒரு சொல் இருக்கு. சோறு போட்டவனுக்காகப் போர்க்களத்துல உயிரைக் கொடுக்குற கடன். உடனே கர்ணன் ஞாபகம் வருவார். 1964-ல வந்த சிவாஜி படத்தை 2012-ல புதுப்பிச்சு திரும்ப ரிலீஸ் பண்ணினப்பவும் கூட்டம் போய்ப் பார்த்துச்சு. துரியோதனன் பக்கம் நியாயம் இல்லன்னு கர்ணனுக்குத் தெரியும். தெரிஞ்சும் நிக்கிறார். அதுக்கு நாம இன்னைக்கும் கண்ணு கலங்குறோம்.

வடக்குல இது உப்பு. நமக் ஹலால், நமக் ஹராம். நம்ம ஊர்லயும் உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு பழமொழி இருக்கு. ஆனா அந்தப் பழமொழியில என்ன சொல்லியிருக்காங்கன்னு பாருங்க. நினைன்னுதான் இருக்கு. கீழ்ப்படின்னு இல்ல, உயிரைக் கொடுன்னும் இல்ல.

திருக்குறள்ல 11-வது அதிகாரத்தோட பேர் செய்ந்நன்றி அறிதல். நாம இப்ப நன்றின்னா தேங்க்ஸ்னு எடுத்துக்குறோம். அங்க நன்றின்னா நன்மை. ஒருத்தர் செஞ்ச நல்லதைத் தெரிஞ்சு வெச்சிருக்கிறதுதான் அதிகாரத்தோட பேர். உதவி பண்ணினவர் பெரிய ஆளா, முதலாளியா, ராஜாவான்னு அது கேட்கல. யார் வேணும்னாலும் யாருக்கு வேணும்னாலும் நல்லது செய்யலாம், வாங்கினவர் மறக்கக் கூடாது. நம்ம டெஸ்ட்ல இது ஈஸியா பாஸ் ஆகிடும்.

அப்ப நன்றிக்கும் விசுவாசத்துக்கும் வித்தியாசம் என்ன? நன்றி நடந்து முடிஞ்ச ஒரு நல்லதை ஞாபகம் வெச்சுக்கிறது. விசுவாசம் இனிமே நடக்கப் போறதுக்கெல்லாம் முன்கூட்டியே சரின்னு சொல்றது. முதலாவது ஞாபகம், ரெண்டாவது வெத்துப் பேப்பர்ல கையெழுத்து.

அப்பாவோட பட்டறை

இந்த எபிசோட் பண்ணணும்னு தோணினதுக்குக் காரணம் எங்க அப்பா. அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன்.

அப்பா லேத் டர்னர். 1992-ல அம்பத்தூர்ல ஒரு சின்னப் பட்டறையில சேர்ந்தார். 2023-ல வெளிய வந்தார். 31 வருஷம், ஒரே இடம். கடைசி நாள் சின்னதா ஒரு விழா. முதலாளி பொன்னாடை போர்த்தி, கையில ஒரு கவர் கொடுத்து, "இவரை மாதிரி விசுவாசமான ஆள் இனிமே கிடைக்க மாட்டாங்க"ன்னு பேசினார். கவர்ல 50,000 ரூபாய் இருந்துச்சு.

வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு கணக்குப் போட்டேன். பணிக்கொடைன்னு ஒண்ணு இருக்கு, நாம கிராஜுவிட்டின்னு சொல்வோம். 1972-ல அதுக்குன்னு ஒரு சட்டம் வந்துச்சு. அஞ்சு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தா, முடிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம்னு அதுல இருந்துச்சு. மாசத்தை 26 வேலை நாளா எடுத்துக்கணும். அப்பாவோட கடைசிச் சம்பளம் 22,000. அதை 15-ஆல பெருக்கி, 26-ஆல வகுத்து, 31-ஆல பெருக்கினா 3 லட்சத்து 93 ஆயிரம் சொச்சம் வரும்.

ஆனா ஒரு சிக்கல். அந்தச் சட்டம் பத்துப் பேர் அல்லது அதுக்கு மேல வேலை பார்க்குற இடத்துக்குத்தான் இருந்துச்சு. அப்பா பட்டறையில ஆள் எண்ணிக்கை எப்பவும் எட்டைத் தாண்டினதே இல்ல. அதனால சட்டப்படி முதலாளி ஒரு ரூபாய்கூடக் கொடுக்கத் தேவையில்ல. சட்டம் சொல்லாத இடத்துல விசுவாசம் பேசணும் இல்லையா? பேசினது 50,000 ரூபாய்க்கு.

எனக்குச் செம கோபம். அப்பாவுக்கு இல்ல. ஏன்னா கதைக்கு இன்னொரு பக்கம் இருக்கு. 2015-ல நான் இன்ஜினியரிங் சேர்ந்தப்ப முதல் வருஷ ஃபீஸ்ல 40,000 ரூபாய் குறைஞ்சது. அப்பா கேட்கக்கூட இல்ல. விஷயம் தெரிஞ்சு முதலாளியே கூப்பிட்டுக் கொடுத்தார். திருப்பித் தர வேண்டாம்னும் சொல்லிட்டார். நான் இன்னைக்கு மைக் முன்னாடி உட்கார்ந்து பேசுறதுல அந்த 40,000-த்துக்கும் பங்கு இருக்கு. அதை நான் மறக்க மாட்டேன், மறக்கவும் கூடாது.

ஆனா 2017-ல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில அப்பாவைக் கூப்பிட்டாங்க. சம்பளம் ஒன்றரை மடங்கு, பி.எஃப்., இன்சூரன்ஸ் எல்லாம் உண்டு. அப்பா போகல. முதலாளி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாராம். "நீயுமா?"

அந்த "நீயுமா"வைத்தான் நான் ரொம்ப நாளா யோசிச்சுக்கிட்டு இருந்தேன். 40,000 கொடுத்தது நல்ல மனசு. அதுக்கு நன்றி போதும், காலம் பூரா போதும். ஆனா எப்பவோ கொடுத்த அந்த உதவியே, வெளிய போற கதவுக்குப் பூட்டா மாறிடுச்சு. முதலாளி வேணும்னே பண்ணினார்னு நான் சொல்லல. அவருக்கும் அது பூட்டுன்னு தெரிஞ்சிருக்காது. அந்த வார்த்தையோட பழக்கமே அப்படி.

போன மாசம் அப்பாகிட்ட நேராவே கேட்டேன். "விசுவாசம் விசுவாசம்னு சொல்லியே உங்களை உட்கார வெச்சுட்டாங்களேப்பா, உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

அவர் சொன்னார்: "விசுவாசம்னு சொன்னது அவருடா. நான் அப்படி நினைச்சு வேலை பார்க்கல. டிராயிங்ல 25 மில்லின்னு இருந்தா 25 வரணும். முதலாளி வந்து நின்னாலும் அதே அளவு, ஊருக்குப் போயிருந்தாலும் அதே அளவு. வேலைக்கு உண்மையா இருந்தேன், அவ்வளவுதான்."

நான் கேட்டது ஒரு வார்த்தையை வெச்சு. அவர் பதில் சொன்னது வேற வார்த்தையை வெச்சு. உண்மையா இருந்தேன்.

உண்மையா இருக்கிறது

இந்த "உண்மையா இருக்கிறது" நம்ம பேச்சுல எங்கெல்லாம் வருதுன்னு யோசிச்சுப் பாருங்க. செய்யுற வேலைக்கு உண்மையா இருக்கணும். கட்டிக்கிட்டவங்களுக்கு உண்மையா இருக்கணும். மனசாட்சிக்கு உண்மையா இருக்கணும். டெஸ்ட் பண்ணுங்க. மனைவி கணவனுக்கு, கணவன் மனைவிக்கு. தொழிலாளி முதலாளிக்கு, முதலாளி தொழிலாளிக்கு. எப்படித் திருப்பினாலும் வாக்கியம் நிக்குது.

கல்யாண விஷயத்துல நம்மகிட்ட ஒரு ஒன்வே வார்த்தை இருக்கு, உங்களுக்குத் தெரியும். கற்பு. தொல்காப்பியத்துல களவியல், கற்பியல்னு ரெண்டு பகுதி உண்டு. அங்க கற்புங்கிறது காதல் முடிஞ்சு கல்யாணம் ஆன பிறகு வர்ற வாழ்க்கை. ரெண்டு பேரும் சேர்ந்து வாழுற வாழ்க்கை. அது நாளாக நாளாக பொண்ணுங்க மேல மட்டும் வைக்கிற பாரமா சுருங்கிடுச்சு. ஆம்பளைக்கு ஏகபத்தினி விரதன்னு ஒரு பட்டம் வெச்சிருக்கோம். பொண்ணுக்கு அது கடமை, ஆணுக்கு அது விரதம். கற்புன்னா ரெண்டு பேருக்கும் பொதுவா வைக்கணும்னு பாரதியார் சண்டை போட்டார். நாம அந்தச் சண்டையை ஜெயிக்கல. ஆனா "அவங்களுக்கு உண்மையா இரு"ன்னு சொல்லும்போது அங்க ஆண் பெண் வித்தியாசம் தானாவே காணாமப் போயிடுது.

சர்ச் விஷயத்துக்குக் கடைசியில வரேன்னு சொன்னேன் இல்ல, இதோ. தமிழ்க் கிறிஸ்தவர்கள்கிட்ட விசுவாசம்னா கடவுள் மேல வைக்கிற நம்பிக்கை. விசுவாசின்னா நம்புறவர். பழைய அர்த்தம் அங்க அப்படியே பத்திரமா இருக்கு. பைபிளோட புதிய ஏற்பாடு எழுதப்பட்டது கிரேக்க மொழியில. அங்க "பிஸ்டிஸ்"னு ஒரே சொல்தான், நம்புறதுக்கும் அதுதான், நம்பினவங்களைக் கைவிடாம இருக்கிறதுக்கும் அதுதான். ரோமர் நிருபம் மூணாவது அதிகாரத்துல ஒரு வசனத்துல மனுஷங்ககிட்ட அது இல்லாததும் கடவுள்கிட்ட அது இருக்கிறதும் பக்கத்துல பக்கத்துல வரும். கிரேக்கத்துல ரெண்டுக்கும் ஒரே வேர். சர்ச்சுகள்ல ரொம்ப காலமா வாசிக்கிற பழைய தமிழ் மொழிபெயர்ப்புல மனுஷங்களுக்கு அவிசுவாசம்னு போட்டவங்க, கடவுளுக்கு விசுவாசம்னு போடல. உண்மைன்னு போட்டாங்க. 1995-ல வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு, நம்புறதுக்கும் நம்பிக்கைங்கிற சொல்லையே எடுத்துக்கிச்சு. கத்தோலிக்க சர்ச்சுல விசுவாசப் பிரமாணம்னு சொல்லிட்டிருந்தது இப்ப நம்பிக்கை அறிக்கை.

கடவுள் மனுஷனுக்கு விசுவாசமா இருக்கார்னு சொல்ல தமிழ் நாக்கு வரல. உண்மையா இருக்கார்னு சொல்ல வந்துச்சு. என் அப்பா லேத் மிஷின் முன்னாடி நின்னு எடுத்த அதே சொல்லு.

இன்ஜினியருங்களுக்கும் இந்தச் சொல் புதுசு இல்ல. ஹை-ஃபைன்னு சொல்றோமே, ஹை ஃபிடெலிட்டி. ஃபிடெலிட்டின்னா இதேதான், உண்மையா இருக்கிறது. பாடினவர் குரல் எப்படி இருந்துச்சோ, ஸ்பீக்கர்ல அப்படியே வரணும். நடுவுல நம்ம இஷ்டத்துக்கு எதையும் சேர்க்கக் கூடாது, குறைக்கக் கூடாது. நம்ம ஊர்ல ஹை-ஃபைன்னா பந்தாவான ஆளுன்னு ஆயிடுச்சு, அது வேற விஷயம். ஆனா ஒரு ஸ்பீக்கர் யாருக்கு விசுவாசமா இருக்கு? ஓனருக்கா? பாட்டுக்கா? ஓனருக்குப் பிடிக்குமேன்னு சுருதியை மாத்திக் கொடுத்தா அது நல்ல ஸ்பீக்கரா?

ஆபீஸுக்குப் போகும்போது

இது உங்களுக்கு எங்க தேவைப்படும்னா, நாளைக்குக் காலையில ஆபீஸ்ல. நம்ம ஃபீல்டுல யாரும் விசுவாசம்னு சொல்ல மாட்டாங்க, லாயல்டின்னு சொல்வாங்க. சாதனம் அதேதான். நான் முன்னாடி இருந்த ஒரு கம்பெனியில நாம எல்லாம் ஒரு ஃபேமிலின்னு மாசா மாசம் மீட்டிங் போடுவாங்க. ரிசைன் பண்றவங்களைப் பார்த்து லாயல்டி இல்லன்னு சொல்வாங்க. அதே இடத்துல, ஆறு வருஷம் இருந்த என் டீம்மேட்டை ஒருநாள் காலையில ஒரு வீடியோ கால்ல அனுப்பிட்டாங்க. மதியத்துக்குள்ள அவரோட லேப்டாப் லாக் ஆயிடுச்சு. நாம போறதுக்கு 90 நாள் நோட்டீஸ் பீரியட், அவங்க அனுப்புறதுக்கு அரை நாள்.

அந்த இடத்துல யாராவது "கம்பெனி அவருக்கு விசுவாசமா இல்ல"ன்னு சொன்னோமா? சொல்லல. அப்படி ஒரு வாக்கியமே நம்ம வாயில வராது. பிசினஸ் டிசிஷன்னு சொல்லிட்டுப் போயிட்டோம். வார்த்தை ஒன்வேயா இருந்தா நடக்குற ஆபத்து இதுதான். ஒரு பக்கம் நடக்குற துரோகத்துக்குப் பேர் இருக்கும். இன்னொரு பக்கம் நடக்குறதுக்குப் பேரே இருக்காது. பேர் இல்லாததைப் பத்தி எப்படிக் கம்ப்ளெயின்ட் பண்ணுவீங்க?

அதனால விசுவாசத்தைத் தூக்கிப் போடுங்கன்னு நான் சொல்ல வரல. ஒருத்தருக்காகக் கடைசிவரை நிக்கிறது பெரிய விஷயம். அதை யாராவது உங்ககிட்ட கேட்டா, வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கன்னுதான் சொல்றேன். அவங்க உங்களுக்கு அதைத் தருவாங்களான்னு பாருங்க. உதவி பண்ணினவங்களுக்கு நன்றி சொல்லுங்க, மறக்காதீங்க. வேலைக்கு உண்மையா இருங்க, மேனேஜர் லீவ்ல இருந்தாலும். கூட வாழுறவங்களுக்கு உண்மையா இருங்க. இதுக்கெல்லாம் யாரும் உங்களைக் கதவு பூட்டி வைக்கத் தேவையில்ல. நல்ல வேலை வேற இடத்துல கிடைச்சா போங்க. போற அன்னைக்கும் ஹேண்டோவரை ஒழுங்கா முடிச்சுக் கொடுத்துட்டுப் போங்க. அதுக்குப் பேர் உண்மையா இருக்கிறது.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு படம். 2019 பொங்கலுக்கு அஜித்தோட விஸ்வாசம் வந்துச்சே. பேட்டயும் அன்னைக்கேதான், தியேட்டர் வாசல் எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கும். அந்தக் கதையில பாருங்க, தன்னோட மகளுக்குத் தான் அப்பான்னே தெரியாது. அவர் சொல்லவும் மாட்டார். பாதுகாப்புக்கு வந்த ஆள் மாதிரி கூடவே நிப்பார். அவள்கிட்ட இருந்து எந்த விசுவாசமும் எதிர்பார்க்கல. பெரியவர்கிட்ட இருந்து சின்னவளுக்கு, மேல இருந்து கீழ போகுது. டைட்டில் வெச்சவங்க யோசிச்சு வெச்சாங்களோ என்னவோ, நாம எப்பவும் பயன்படுத்துற அம்புக்குறி அந்தப் படத்துல திரும்பி நிக்குது. தியேட்டர்ல அத்தனை பேர் அழுதாங்க. அப்ப இந்தப் பக்கமும் அந்த வார்த்தை போகும். நாமதான் அதைப் போக விடுறதில்ல.

மூச்சு விடுறதுல இருந்து வந்த சொல்னு ஆரம்பத்துல சொன்னேன். உங்க ஆபீஸ்ல, வீட்டுல, ஃபிரெண்ட்ஸ் கூட்டத்துல யார் முன்னாடி உங்களால நிம்மதியா மூச்சு விட முடியுதுன்னு யோசிச்சுப் பாருங்க. உங்க முன்னாடி யாரால முடியுதுன்னும் யோசிங்க. ரெண்டாவது கேள்விதான் கொஞ்சம் கஷ்டமானது.

உங்க வீட்டுல இந்த மாதிரி ஒன்வே வார்த்தை வேற ஏதாவது இருந்தா எனக்கு எழுதி அனுப்புங்க. நல்லதா வந்தா இன்னொரு எபிசோட் போட்டுடலாம். அடுத்த வாரம் பார்ப்போம், நன்றி. அந்த வார்த்தைக்கு ரெண்டு பக்கமும் ரோடு இருக்கு, தைரியமா வாங்கிக்கலாம். வணக்கம்.